இருமினால் நல்ல எண்ணெய்

கிரேவே, இத்தாலி
நவம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். நீங்கள், அத்தை, செக்கு, செக்கு சுற்றும் மயிலைக் காளை எல்லோரும் நலந்தானுங்களே?

என்னைக் காங்கேயத்தில் பஸ் ஏற்றிவிட்ட அன்று, "எங்க போனாலும் எண்ணெ உன்னய உடாது மாப்ளே" என்றீர்கள். சாபமா வாழ்த்தா என்று அப்போது புரியவில்லை. கடிதத்தின் மேல் மூலையைப் பாருங்கள். அந்தக் கறை எண்ணெய்தான். சாபம்.

நான் வந்தது திராட்சைக்கு. ஃபிளாரன்ஸுக்கும் சியன்னாவுக்கும் நடுவே கியான்டி என்றொரு குன்றுச் சீமை. எந்த எல்லைக்குள் விளைந்தால் கியான்டி ஒயின் என்று 1716-லேயே மூன்றாம் கோசிமோ என்கிற பிரபு கோடு கிழித்துவிட்டார். நமக்கும் சின்னப் பாட்டன் வீட்டுக்கும் இன்னும் வரப்புத் தகராறு தீரவில்லை. ஒரு குடும்பத்துப் பண்ணையில் இருக்கிறேன். அக்டோபர் முதல் வாரத்தோடு திராட்சை முடிந்தது. இனி படுத்துத் தூங்கலாம் என்றிருந்தவன் கையில் முதலாளிக் கிழவர் ஒரு சீப்பைக் கொடுத்தார். தலைமுடி கலைந்திருக்கிறதாக்கும் என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் ஆலிவ் மரத்தைக் காட்டினார். அதைத்தான் வார வேண்டுமாம்.

ஒயின் பண்ணையில் எண்ணெய் எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் இங்கேயும் நம் ஊர் மாதிரி வாரக் குத்தகைதான். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. குத்தகைக் குடும்பத்துக்குக் குடிக்கவும் தின்னவும் அந்த நிலமே கதி என்பதால் கொடி, ஆலிவ், கோதுமை எல்லாம் கலந்தே இருந்தன. 1964-ல் புது வாரம் கூடாது என்று சட்டம் வந்தது. குடித்தனம் போயிற்று, மரம் நின்றது. 1985 ஜனவரியில் விழுந்த உறைபனியில் அதுவும் பட்டுப்போக, அடியோடு வெட்டிவிட்டார்கள். கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்ததால் இப்போது ஒரு தூருக்கு மூன்று நான்கு மரம். ஏணியை எந்தக் கிளையில் சாத்தினாலும் மற்றொரு கிளை முதுகைக் குத்தும்.

கீழே வலை விரித்து, சீப்பால் வாரிப் பழத்தை உதிர்க்க வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோ தேறும். நூறு கிலோ அரைத்தால் எண்ணெய் பன்னிரண்டு, பதினைந்து லிட்டர். சிரிக்காதீர்கள் மாமா. நீங்கள் ஆட்டுவது காய்ந்த எள். மூட்டை கட்டி வைத்து நல்ல நாள் பார்த்துச் செக்கில் போடலாம். இது பழம். பாதி தண்ணீர். பறித்துக் குவித்து வைத்தால் வெந்து புளிக்கும். அதனால் அன்றன்றைக்கே ஆலைக்கு ஓட்டம். கல் உருளை போய் இரும்புச் சுத்தியல் மிஷின் வந்துவிட்டது. விழுதைப் பிசைந்து, வேகமாகச் சுழற்றி, தண்ணீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரிக்கிறார்கள். 27 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால், சூடுபடாமல் எடுத்தது என்று பாட்டிலில் எழுத முடியாது. நீங்கள் அடுத்து கேட்கப்போவது தெரியும். பிண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதில்லை. கொட்டையைப் பிரித்தெடுத்து அடுப்பெரிக்கிறார்கள்.

இந்த எண்ணெய்க்கு எக்ஸ்ட்ரா விர்ஜின் என்று பெயர். அர்த்தத்தை அத்தையிடம் சொல்ல வேண்டாம். அமிலம் 0.8 சதவீதம் தாண்டக்கூடாது. அது போக, ருசி பார்க்கிற குழு உட்கார்ந்து ஒரு குறைகூட இல்லை என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அத்தையே இவ்வளவு துருவவில்லை. அமிலம் 2 சதவீதம் தாண்டினால் 'லம்பான்தே', அதாவது விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் என்று தள்ளிவிடுவார்கள்.

ருசி பார்ப்பதுதான் வேடிக்கை. நிறத்தில் மயங்கிவிடக் கூடாதென்று நீலக் கண்ணாடிக் கிண்ணம். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, முகர்ந்து, 'சுர்ர்ர்' என்று காற்றோடு உறிஞ்ச வேண்டும். டீக்கடையில் இப்படி உறிஞ்சியதற்குத்தானே என்னைக் குட்டினீர்கள்! முதல் வாய் தொண்டையில் இறங்கியதும் இருமல் வந்தது. இன்னொரு இருமல். கண்ணில் தண்ணீர். கிழவர் கை தட்டினார். இருமல் வந்தால்தான் நல்ல எண்ணெயாம்! சிசிலிக்குப் போன விஞ்ஞானி ஒருவருக்கும் இதே கதிதான். அந்த எரிச்சல் இபுப்ரோஃபென் வலி மருந்தின் எரிச்சலாயிற்றே என்று அவருக்குப் பொறி தட்டி, அதற்குக் காரணமான ஓலியோகேந்தல் அதே மாதிரி வேலை செய்கிறது என்று 2005-ல் கட்டுரையே வந்தது. எனக்குத் தட்டியது இருமல்தான்.

ஒயினைப் பூட்டிப் பூட்டி வைக்கிற இந்த வீட்டில் எண்ணெயை மட்டும் அடுத்த அறுவடைக்குள் தீர்த்துவிடுகிறார்கள். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, சொதசொதவென்று புது எண்ணெய் ஊற்றித் தின்கிறார்கள். ரொட்டியில் உப்பே கிடையாது. அதைக் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளியன்று விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டுமே? நீங்கள் கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய் இட்லிப் பொடிக்கென்று மிச்சம் வைத்தது. அதைத் தலையில் ஊற்ற மனசு வரவில்லை. கூலியோடு தந்த அரை லிட்டர் ஆலிவ் எண்ணெயை எடுத்து உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அந்த அரை லிட்டர் கடையில் 20 யூரோ. கிழவர் டார்ச்சோடு வந்தார். முகர்ந்தார். தன் எண்ணெய்தான் என்று தெரிந்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஊர் எண்ணெயை மிச்சம் வைத்த கதையைச் சொன்னேன். என் எண்ணெயைவிட உசத்தியாக நீ எதை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

எடுத்துக் காட்டினேன். அதே நீலக் கிண்ணம், அதே 'சுர்ர்ர்'. இருமலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. மறுபடி உறிஞ்சினார். இதில் ஏதோ இனிப்பு இருக்கிறது என்றார். செக்கில் கருப்பட்டி போடுவதைச் சொன்னேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. உப்பில்லாத ரொட்டியை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். பொடியும் போயிற்று, எண்ணெயும் பாதிக்குமேல் போயிற்று.

அவர் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. நம் மயிலை ஒரு நாளைக்கு எத்தனை சுற்று சுற்றும்? எண்ணி எழுதுங்கள். அவர் தினமும் கேட்கிறார். ஊரிலிருந்து யாராவது வந்தால் இரண்டு லிட்டராகவே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எண்ணெய்க் கையோடு
உங்கள் மாப்பிள்ளை