அது இன்றைய பொருளில் இல்லை

கிராம சபைக் கூட்டத்தைக் கேலி செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே புகாரைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்: நாட்டில் எத்தனையோ பெரிய விஷயம் இருக்க, இந்த ஜனங்கள் எரியாத தெருவிளக்கையும் தண்ணீர் வராத குழாயையும் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்களாம். என் கட்சி இதற்கு நேர் எதிர். தெருவிளக்குச் சண்டைதான் கூட்டம், மற்றதெல்லாம் பந்தல். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நாலாக இருந்த கிராம சபையை, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து 2022-ல் ஆறாக்கினார்கள். கூடும் நாள் கூடியது. பேசும் பொருள் மட்டும் வழக்கம்போல மேலிருந்துதான் இறங்குகிறது. 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் ஏறத்தாழ ஒரே பட்டியல்: மழைநீர் சேகரிப்பு, டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. கடற்கரைக் குப்பத்துக்கும் மலையடிவார ஊருக்கும் ஒரே சட்டை, ஒரே அளவு. டெங்குவுக்கு எதிரான தீர்மானம் எந்த ஊரில் தோற்றிருக்கிறது? கொசுவின் தரப்பில் எழுந்து பேச யாரும் வருவதில்லை. ஆகவே எல்லாம் ஏகமனதாக நிறைவேறும். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “எங்க தெருவுல ரெண்டு மாசமா லைட்டு எரியலீங்க” என்பார். “அது இன்றைய பொருளில் இல்லை” என்று மேடையிலிருந்து பதில் வரும். அன்றைக்கு அந்தப் பந்தலில் பேசப்பட்ட ஒரே உள்ளாட்சி விஷயம் அப்படியாக உட்கார வைக்கப்படும்.

சில்லறை விஷயங்களில் கூட்டங்கள் நேரத்தைத் தொலைக்கும் என்பதை 1957-ல் சிரிக்கச் சிரிக்க எழுதியவர் ஆங்கிலேயரான நார்த்கோட் பார்க்கின்சன். அவர் காட்டும் குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் சரி. ஆனால் படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து கொட்டகைக்காரர்களைப் பார்த்தே சிரித்தார்கள். புரிந்ததைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதில் என்ன தப்பு? புரியாததற்கு இரண்டரை நிமிடத்தில் தலையாட்டியதல்லவா சிரிப்புக்குரியது! நம்மூரில் அந்த இரண்டரை நிமிடம்கூட ஆவதில்லை. 500 பேர் வரையுள்ள ஊரில் 50 பேர், 10,000 பேரைத் தாண்டிய ஊரில் 300 பேர் வந்தால் கோரம் நிறைந்தது என்பது விதி. அந்த எண்ணிக்கைக்காகக் கையெழுத்து முதலில் வாங்கப்படும். தீர்மானம் பிறகு வாசிக்கப்படும். வெற்றுக் காசோலைக்குக் கையெழுத்துப் போட யோசிக்கிறவர்கள்கூட இதற்குத் தாராளமாகப் போடுகிறார்கள்.

சில்லறை என்று நாம் தள்ளுவது எத்தனை சில்லறை என்று பார்க்கலாம். புது சிமெண்ட் ரோடு வருகிறது என்று தலைவர் அறிவிக்கிறார், கைதட்டல். ஒரு அம்மாள் மட்டும், “பழைய ரோட்டைப் பேத்துட்டுப் போடுவீங்களா, அதுக்கு மேலயே போடுவீங்களா?” என்கிறார். சிணுங்கல் போலத் தோன்றும். ஆனால் ரோட்டின் மேல் ரோடாக ஒவ்வொரு முறையும் அரை அடி ஏறினால், மூன்றாவது முறை வீட்டு வாசற்படி தெருவுக்குக் கீழே போய், ஐப்பசி மழை அடுப்படிவரை விசாரிக்க வரும். மதிப்பீட்டுத் தாளில் ரோட்டின் நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, கனம் இருக்கிறது; அந்த அம்மாளின் அடுப்படி இல்லை. மனைப்பிரிவு விஷயமும் இப்படித்தான். 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் (ஓரளவு சிறியதென்றால் இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டவும் வழி உண்டு). வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருக்கும். நேரில் அங்கே யாருடைய செங்கல் அடுக்கியிருக்கிறது, ‘லேக் வியூ’ என்று பெயர் வைத்த நகரில் லேக் எந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்குள் வரும் என்பதெல்லாம் மாடு மேய்க்கிறவருக்குத் தெரிந்த அளவு மாவட்டத் தலைநகருக்குத் தெரியாது.

“கேட்கிறவர் தன் வீட்டு வாசல் விளக்குக்காகத்தானே கேட்கிறார், பொதுநலமா இது?” என்று மடக்கலாம். சுயநலம்தான், சந்தேகமில்லை. சுயநலம் இல்லாதவர்களை வைத்து ஊரை நடத்தலாம் என்று நம் முன்னோரும் நம்பவில்லை. மேடைதோறும் பெருமையோடு இழுக்கப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை. குடவோலையைச் சொல்லிப் பூரிக்கிறவர்கள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமல்லாமல் அவனுடைய சின்னம்மா, பெரியம்மா மக்கள்வரை தகுதியற்றவர்கள் என்று அது நீட்டிக்கொண்டு போவதைச் சொல்வதில்லை. மனிதனை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. (நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் ஓலை விழுந்தது என்பதையும் மேடை மறந்துவிடும்.) அங்கே ஏரிக்கென்று ஒரு வாரியம், தோட்டத்துக்கென்று ஒரு வாரியம் இருந்தன. ஊரின் ஏரியைப் பேசுவதுதான் ஊர்ச் சபையின் பொருள் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: குழாயடியில் தேறியவர்களால் பெரிய விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல முடியுமா? ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது பற்றிக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. 12 ஊர்கள் கூடின; 12-ம் வேண்டாம் என்றன. மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டியும் சுற்றுப்பட்டு ஊர்களும் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன, போராட்டமும் சேர்ந்தது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. டங்ஸ்டனைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். கண்மாய் தெரியும், அது போதுமானதாக இருந்தது. ஆனால் தீர்மானம் போட்டால் நடந்துவிடும் என்று நான் வாதாட மாட்டேன். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் போட்ட தீர்மானங்களை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கிராம சபை வந்துவிடும். மழைநீர் சேகரிப்புத் தீர்மானத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் கோட்டைக்கு, இந்தத் தீர்மானம் மட்டும் கண்ணில் படுவதில்லை.

இப்போது தெருவிளக்குக்காரருக்கு இன்னொரு சிக்கல். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரிடம் ஒரு வசதி இருந்தது: கூட்டத்தில் ‘பொருளில் இல்லை’ என்று சொல்லிவிட்டாலும், அன்றிரவு அதே இருட்டுத் தெரு வழியாகத்தான் அவரும் வீட்டுக்குப் போக வேண்டும். தனி அலுவலருக்கு வீடு வேறு ஊரில்; பொழுது சாய்வதற்குள் ஜீப் கிளம்பிவிடும்.