அளவுச் சட்டை இயல்: ஒரு முன்னோட்டம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உடம்பு இளைத்தவன் துணி எடுப்பது எப்படி என்பதை யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. சின்ன வெங்காயத்துக்கு ஆய்வு உண்டு. சுண்ணாம்புக் கல்லுக்கு உண்டு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்துக்கும் உண்டு. 38 இஞ்ச் பேண்ட்டை பெல்ட்டால் மூட்டை கட்டிக்கொண்டு பாலக்கரையில் பஸ்ஸுக்கு நிற்பவனுக்குக் கிடையாது. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள் நானேதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவர் முகம் சுளித்த அன்று எடை 91 கிலோ. ராத்திரிச் சோற்றை நிறுத்தி, விடியற்காலையில் நாய்களுக்குப் பயந்து பயந்து நடந்து, எட்டு மாதத்தில் 76. இதற்கு ஊர் தந்த பாராட்டு ஒரே சொல்தான்: "சுகரா?" கொஞ்சம் நெருங்கியவர்கள், "ஸ்கேன் ஏதும் எடுத்துப் பாத்தியாப்பா?" என்றார்கள். அரியலூர் தேரடியில் பார்த்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். இதில் என் உடம்பின் பங்கு பாதி, சட்டையின் பங்கு பாதி. தோள் வழிந்து முழங்கைப் பக்கம் இறங்கிய சட்டைக்குள் யார் நின்றாலும் நோயாளிதான். ஆகவே புதுத்துணி எனக்கு ஆடம்பரம் அல்ல, உடல்நலச் சான்றிதழ்.

முதற்கட்டமாக பீரோ அகழாய்வு. இந்தப் பகுதிப் பாறைகளை நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1860களில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று தொகுதியாகப் பிரித்தார். எங்கள் வீட்டு பீரோ அதை அப்படியே மெய்ப்பிக்கிறது. மேல்தட்டு அரியலூர் தொகுதி: எக்ஸ்.எல்., டபுள் எக்ஸ்.எல். காலம். நடுத்தட்டு திருச்சி: ‘இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா போட்டுக்கலாம்’ என்று எடுத்து வைத்தவை. அடித்தட்டு ஊட்டத்தூர்: கல்யாணச் சட்டை, அந்துருண்டை வாசனையோடு. ஒரு காலத்தில் இங்கே கிடந்த கடல் வற்றிய பிறகும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் அம்மோனைட் புதைபடிவங்கள் இருப்பதுபோல, உடம்பு மாறிய பிறகும் இவை இருக்கின்றன. தூக்கிப்போட வீட்டில் அனுமதி இல்லை.

அடுத்து அளவைச் சிக்கல். தமிழன் ஒருவன் உடுத்தி முடிப்பதற்குள் மூன்று நாட்டைக் கடக்கிறான். பனியன் 90 என்றால் அது மார்பு, சென்டிமீட்டரில். பேண்ட் 34 என்றால் இடுப்பு, இஞ்சில். கம்பெனி ஃபார்மல் சட்டையில் 40 என்று இருந்தால் பெரும்பாலும் அது கழுத்து, மறுபடி சென்டிமீட்டர். அதே 40-ஐத் தையல்காரர் சொன்னால் மார்பு, இஞ்ச். இது புரியாமல் முப்பது வருஷமாக, "எனக்கு நாப்பதுதாம்ப்பா" என்று கடை கடையாகச் சொல்லி வந்திருக்கிறேன். எதைச் சொன்னேன், எதை எடுத்துத் தந்தார்கள் என்று இப்போது நினைத்தால் கழுத்து வியர்க்கிறது.

எழுத்தளவு இதைவிட மோசம். ஒரே நாளில் மூன்று கடையில் நான் எம்., எல்., எக்ஸ்.எல். ஆகிய மூன்றுமாக இருந்தேன். திருப்பூர் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடையில் எம். போட்டால் உள்ளே இன்னொரு ஆளுக்கும் இடம் இருந்தது. அது அமெரிக்க எம்.மாம். உள்ளூர்த் தயாரிப்பில் எக்ஸ்.எல். போட்டுக் கையைத் தூக்கினால் அக்குளில் ‘டர்’. கடைப் பையன் மட்டும் அசரவே இல்லை. "இது ஸ்லிம் ஃபிட் சார், அப்படித்தான் இருக்கும்" என்றான். பிடித்தால் ஸ்லிம் ஃபிட், தொங்கினால் ரெகுலர் ஃபிட். பொருந்தாத துணி என்று ஒன்று அவன் சாத்திரத்திலேயே இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்க அரசு 1939-40இல் ஏறக்குறைய 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடத்தில் அளந்தது. அதை வைத்து 1958இல் ஓர் அளவுத் தரம் வந்தது. 1983இல் அதையும் கைகழுவிவிட்டார்கள். அதன்பின் கடைக்காரர் வைத்ததே அளவு. வாங்குபவர் மனம் குளிர எண்ணைக் குறைத்து எழுதுவது அங்கே ஒரு தொழில்நுட்பம். நம் நாட்டில் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் முப்பரிமாண ஸ்கேனரோடு ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தில் இறங்கியது. அந்த ஆறில் பெரம்பலூரும் இல்லை, அரியலூரும் இல்லை. நம் தொப்பை தேசியக் கணக்கில் ஏறவில்லை.

இனி இருக்கிற துணியை ஆல்ட்ரேஷனுக்குக் கொடுப்பதுதான் வழி. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நம் மாவட்டமே ஆல்ட்ரேஷனுக்குப் போய் வந்ததுதான். 1995இல் திருச்சியை வெட்டிப் பெரம்பலூர் தைத்தார்கள். 2001இல் அதைப் பிரித்து அரியலூர். 2002இல் மறுபடி சேர்த்து ஒட்டுத் தையல். 2007இல் திரும்பவும் பிரித்தார்கள். எல்லைக்கோட்டில் தையல் தடம் இன்னும் தெரியும்.

ஆகவே தையல்காரரிடம் போனேன். 38 பேண்ட்டை 34 ஆக்க வேண்டும். பின்பக்க நடுத்தையலை விரலால் விரித்துப் பார்த்தார். உள்ளே மடித்து விட்டிருந்த துணி தெரிந்தது. "ரெண்டு இஞ்ச் பிடிக்கலாம் சார். நாலு பிடிச்சா ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணை ஒண்ணு முத்தம் குடுத்துக்கும்" என்றார். சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்து, "இதைப் பிரிச்சுக் கை ஏத்துற கூலிக்குப் புதுசே தச்சிடலாம்" என்றார். சரி, தையுங்கள் என்றேன். டேப் அவர் கழுத்திலேயே தொங்கியது. எடுக்கவில்லை.

"அளவுச் சட்டை கொண்டாந்தீங்களா?"

ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இங்கேதான். நம் பக்கத்தில் யாரும் உடம்பை அளப்பதில்லை. போன சட்டையைத்தான் அளக்கிறார்கள். அந்தச் சட்டை அதற்கு முந்தியதைப் பார்த்துத் தைத்தது. பெண்களின் அளவு ஜாக்கெட்டும் இதே வம்சாவளிதான். இளைத்தவனுக்கோ மூதாதை கிடையாது. என்னைப்போல் ஒரு சட்டை உலகத்திலேயே இல்லை என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் ஊட்டத்தூர் தொகுதியைத் தோண்டிக் கல்யாணச் சட்டையை எடுத்து வந்தேன்.

மாட்டிக் காட்டினேன். மார்பில் பட்டன் போட முடிந்தது, தோள் உட்கார்ந்தது, வயிற்றில் மட்டும் லேசாக மூச்சுப் பிடித்தது. முதுகைத் தட்டிவிட்டுச் சாக்கால் இரண்டு கோடு இழுத்தார். அப்புறம் என் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டே தைக்கிறேன் சார். பொங்கல் வருது."