கடாரத்து சர்வர் படலம்

1025-இல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பிக் கடாரத்தைச் சுருட்டினான். எடுத்துப் போனவற்றுக்கு மெய்க்கீர்த்தியில் கணக்கு இருக்கிறது: யானைகள், பொக்கிஷம், வித்யாதர தோரண வாசல். அதே கடாரத்தில், பீடோங்குக்குப் பக்கத்துச் சுங்கை பத்துவில், அதற்கும் முன்பே இரும்பு உருக்கினார்கள். அதைப் பற்றி மெய்க்கீர்த்தியில் மூச்சே இல்லை. ஹார்ட்வேருக்கு மதிப்பில்லாத ராசி அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அடுத்த படையெடுப்பு 1972-இல். இந்தத் தடவை இன்டெல் பினாங்கில் வந்து இறங்கியது. யானை கேட்கவில்லை, பெண்பிள்ளைகளைக் கேட்டது. அப்பா தோட்டத்துப் பெரட்டுக்குக் கிளம்பும் இருட்டிலேயே மகள் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நின்றாள்.

1992-இல் ஜாரிங் வந்தது. நாடு முழுமைக்கும் வெளியுலகத் தொடர்பு நொடிக்கு 64 கிலோபிட். 1996-இல் டிஎம்நெட்டும் வந்தது, 1515-ஐ அழைத்தால் மோடம் பேய் பிடித்ததுபோல் கத்தும். பீடோங்கில் ஐஎஸ்பி உரிமம் எடுக்க யாருக்கு வக்கு? ஆனால் ஒரு போன் லைனை இழுத்துப் பத்துக் கம்ப்யூட்டருக்குப் பங்கு போட்ட எங்களைப் போன்ற கடைக்காரர்கள் இருந்தார்கள். அரை ஐஎஸ்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை ஐஎஸ்பிக்கும் முழு சர்வர் வேண்டுமே! சன் கம்பெனிப் பெட்டியின் விலையைக் கேட்டவர்கள் மௌனமாகத் தேத்தண்ணி குடித்தார்கள். போதாக்குறைக்கு 1997-இல் ரிங்கிட் சரிந்தது. டாலருக்கு இரண்டரை வெள்ளி இருந்தது, 1998 ஜனவரியில் 4.88 வரை போய், செப்டம்பரில் 3.80-இல் கட்டிப்போடப்பட்டது. சின்னம்மா மகள் பினாங்கில் சோதித்துத் தேற்றி அனுப்பிய சிப்பை, பாலம் தாண்டியதும் நாம் டாலர் கணக்கில் வாங்கினோம்!

ஆகவே தவுக்கேயிடம் பழைய பென்டியம் ஒன்று. லினக்ஸ் இனாம். மிச்சக் காசெல்லாம் மெமரிக்கு. வேகமான சிப் வாங்கி மெமரியில் கஞ்சத்தனம் பண்ணியவன் கெட்டான். மெமரி நிறைந்ததும் பெட்டி டிஸ்க்கைப் போட்டு உருட்டும், அது உருட்டி முடிப்பதற்குள் எதிர்க்கடையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வரலாம். ஸ்குவிட் என்ற ப்ராக்சிதான் குலதெய்வம். ஒரே நடிகை படத்தைப் பத்துப் பேர் பார்த்தால் ஒருமுறைதான் இறங்கும், மற்ற ஒன்பது பேருக்கும் டிஸ்க்கிலிருந்து பிரசாதம். 56 கிலோபிட்டில் ஊர்த் திருவிழா நடத்தியது அப்படித்தான்.

ஒரு எதிரியை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை: சாயங்கால இடி. யுபிஎஸ் வாங்கி மின்சார வாசலில் காவல் வைத்தோம். இடி போன் கம்பி வழியாக உள்ளே வந்து மோடத்தைக் கருக்கிவிட்டுப் போனது. வானம் கறுத்தாலே டிவி வயரைப் பிடுங்கும் அம்மாக்களிடம் ஆலோசனை கேட்டிருந்தால் மோடக் காசு மிஞ்சியிருக்கும்.

சூடு தாங்காமல் மூடியைக் கழற்றி, மதர்போர்டை ஒட்டுப்பலகையில் கிடத்தி, மேசைக் காற்றாடியைத் திருப்பி வைத்தோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1999-இல் கலிபோர்னியாவில் கூகிள் பையன்களும் மலிவு மதர்போர்டுகளைத் தட்டுக்கு நான்காகக் கார்க் அட்டைமேல் கிடத்தித்தான் தேடுபொறியை ஓட்டினார்கள். அந்த அடுக்கு ஒன்று இன்று மௌண்டன் வியூ கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்களுடையதைப் பழைய பேப்பர் லோரிக்காரர் எடுத்துக்கொண்டார். தராசில் வைத்து, இரும்பு விலைக்கு.