காதை நம்பலாமா?

கேள்வி: செயற்கை நுண்ணறிவு பேசும் குரலைக் காது கண்டுபிடித்துவிடுமா?

பதில்: பாதிக் கிணறுதான் தாண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 529 பேரைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, போலிக் குரல் பிடிபட்டது சுமார் 73 விழுக்காடு முறைதான். மாதிரிகளைக் கேட்கவைத்துப் பழக்கியும் பெரிய முன்னேற்றம் இல்லை. மூச்சு, இடைநிறுத்தம், ஏற்ற இறக்கம் ஆகியவற்றைத்தான் கேட்பவர்கள் துப்பாகக் கொள்கிறார்கள். மனிதப் பேச்சைக் கேட்டே பயிலும் மென்பொருள் அந்த மூச்சையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

தொலைபேசியில் நிலைமை இன்னும் மோசம். பழைய இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். நுண்ணிய தடயங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். “அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு” என்று பிள்ளையின் குரல் பதறினால் எந்தத் தாய் மூச்சை ஆராய்வாள்? துண்டித்துவிட்டுப் பிள்ளையின் எண்ணுக்குத் திரும்ப அழைப்பதே பாதுகாப்பு.

செயற்கை என்று தெரிந்தே உருகும் காதுகளும் உண்டு. 2024-இல் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் மீட்டெடுத்தபோது ரசிகர்களில் ஒரு சாரார் நெகிழ்ந்தார்கள், இன்னொரு சாரார் நெளிந்தார்கள். குடும்பங்களின் சம்மதம் பெற்று, ஊதியமும் தந்ததாக ரஹ்மான் அறிவித்தார். அதுவே சரியான முறை. அனுமதியின்றி எடுத்த குரல், எத்தனை இனிமையாக ஒலித்தாலும், திருட்டுதான்.