அஞ்சு ரவுண்டுக்கு ஆறு பாட்டில் எண்ணெய்

ஏலே பேராண்டி, டெல்லி துவாரகா பிளாட்டுல எட்டாவது மாடியில ஒக்காந்துகிட்டு மேசை நெறைய என்னத்தப் பரத்தி வச்சிருக்க? ஆப்பரேசன் தியேட்டர் கெட்டுது போ. ரப்பர் விரிப்பு. நீலக் கையொற. பித்தளப் பிரஷ்ஷு, நைலான் பிரஷ்ஷு. கொழாய்க்குள்ள விட்டுப் பாக்க ஒரு கேமரா. எண்ணெய் மட்டும் ஆறு தினுசு. எல்லாம் எதுக்கு? ஒம் மாமனார் வழியில, வாரிசு லைசென்ஸுல கைக்கு வந்த ஒத்த வின்செஸ்டர் லிவர் துப்பாக்கிக்கு! வேட்டைக்குப் போவியா? 1972-லயே வனவிலங்குச் சட்டம் வந்தாச்சு. வருசத்துக்கு அஞ்சு ரவுண்டு சுட்டாலே பெரிசு. தொடைக்கது மட்டும் வாரத்துக்கு ஏழு நாளு. நல்லாருக்குலே ஒன் சோலி.

நானும் இந்த ஊர்ல காக்கிச்சட்ட போட்டவந்தாம். திகார் ஜெயில் காவலுக்கு நம்ம தமிழ்நாடு சிறப்புக் காவல் படையில இருந்து பட்டாலியன் வந்து நிக்கிது, தெரியும்லா? அப்ப எங்க கையில த்ரீ நாட் த்ரீ ரைபிள். அதுக்குப் பின்கட்டையில ஒரு பித்தள மூடி. தொறந்தா உள்ள எண்ணெய்க் குப்பி ஒண்ணு, புல்த்ரூ கயிறு ஒண்ணு. அம்புட்டுதான். துப்பாக்கிக்கு வேண்டிய மராமத்து பூரா அதோட வயித்துக்குள்ளயே கெடக்கும். நீ என்னடான்னா அதுக்குத் தனியா அலமாரி செய்ய ஆசாரியத் தேடுத.

புல்த்ரூ பாத்திருக்கியா? ஒரு முனையில பித்தளக் குண்டு. மறு முனையில மூணு கண்ணி. நடுக் கண்ணியில பிளானல் துணி. தொடைக்கணும்னா நாலு அங்குலத்துக்கு ரெண்டு அங்குலம். எண்ணெய் போடணும்னா நாலுக்கு ஒண்ணரை. ஏன் அர அங்குலம் கொறச்சான்? துணி இறுக்கமாப் போனா போட்ட எண்ணெய அதே வழிச்சிக்கிட்டு வெளிய வந்துரும். கயிறு கோணாம, குழல் ஓரத்துல உரசாம, ஒரே இழுப்பு. நடுவுல நின்னு மூச்சு வாங்கப்படாது. இதச் சொல்லித்தர கேமரா வேணுமாக்கும்?

அந்தக் காலத்துத் தோட்டாவுல இன்னொரு வில்லங்கம் உண்டு. அதோட கேப்புல இருக்க மருந்து வெடிச்சா குழலுக்குள்ள உப்புப் படியும். உப்பு காத்துல உள்ள ஈரத்த உறிஞ்சும். ராவோட ராவா துரு ஏறிரும். எண்ணெய் உப்பக் கரைக்குமா? கரைக்காது. மேல மூடிக்கிட்டுக் கெடக்கும், அடியில துரு தன் சோலியப் பாக்கும். அதனால மொத மருந்து கொதிக்கிற வெந்நிதாம். புனல வச்சு தோட்டா அறைப்பக்கமிருந்து ஊத்துவோம். குழலு சூடேறி தன்னால காஞ்சிரும். பொறவு துணி, பொறவு எண்ணெய். இப்ப வார புதுத் தோட்டாவுல அந்த உப்புத் தொல்லை இல்ல. ஆனா பரண்ல கெடந்த பழைய தோட்டாவச் சுட்டேன்னு வையி, ஒன் ஆறு பாட்டிலும் தோத்துப் போவும், அடுப்புல இருக்க வெந்நி செயிக்கும்.

துப்பாக்கி பளபளன்னு இருந்தா எல்லாம் ஆச்சாக்கும்? 1986 மார்ச்சுல கைதி சார்லஸ் சோப்ராஜ் அதே திகார்ல இருந்து எப்படித் தப்பிப் போனான்? காவலாளிகளுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பக் குடுத்துட்டுப் போனான். அன்னைக்கு எவன் குழல்ல துரு இருந்திச்சுன்னு எவனாவது கேட்டானா?

துப்பாக்கிக்குக் கொழுப்ப அளவோட போடுன்னு சொல்ல டெல்லிய விடத் தோதான ஊரு ஏது? 1857-ல என்ஃபீல்டுத் தோட்டாவுல பசுக்கொழுப்பும் பன்னிக்கொழுப்பும் தடவியிருக்குன்னு பேச்சு கெளம்பிச்சு. மே 10 மீரட்டுல சிப்பாய்க் கலகம் பத்திக்கிட்டது, மறுநா காலையில இங்க வந்துட்டு. காஷ்மீரி கேட் பக்கத்துல இருந்த ஆயுதக் கிடங்க வெள்ளக்காரனே வெடி வச்சுத் தகத்தான். அதோட வாசல் இன்னைக்கும் லோதியன் ரோடு நடுவுல நிக்கி. நீ மெட்ரோவுல போறதால பாத்திருக்க மாட்ட. அதுக்குப் பொறவு அவனுக்கு பயம். நம்ம சிப்பாய்க்கு ரொம்ப நாளைக்கு ஒரு தலமொற பழைய துப்பாக்கியத்தான் குடுத்தான். அவன் மார்ட்டினி-ஹென்றி புடிச்சப்ப நமக்கு ஸ்னைடர். அவன் லீ-மெட்ஃபோர்டுக்குத் தாவின பொறவுதான் நமக்கு மார்ட்டினி. அதுவும் அடியில லிவர் உள்ளதுதான், ஆனா ஒத்தத் தோட்டா. லிவர் துப்பாக்கின்னா அமெரிக்கா சினிமாக்காரன் சொத்துன்னு நெனச்சிக்கிட்டிருக்கியே, அதுக்குச் சொன்னேன்.

சரி, ஒன் லிவருக்கு வாரேன். கையொறயக் கழத்து. மொதல்ல என்ன? எண்ணெயா? போலே! குழல ஆளில்லாத பக்கம் திருப்பு. வெரல குதிரையில வைக்காத. லிவர எறக்கி ஏத்து, ஒண்ணும் வெளிய வராத மட்டும். பொறவு லிவரத் தொறந்து வச்சு, சுண்டு வெரல விட்டு அறையத் தடவிப் பாரு. குழலுக்கு அடியில இருக்க கொழாய்லயும் எட்டிப் பாரு, ஒண்ணு சிக்கிக் கெடக்கும். ‘காலி’ன்னு நெனச்சுத் தொடச்சவன் கதை எல்லா ஸ்டேசன் டைரியிலயும் இருக்கு. அந்தக் கொழாய்க்குள்ள தோட்டா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் படுத்திருக்கும். முன்னதோட கேப்புல பின்னதோட மூக்கு இடிக்கும். அதான் மூக்கு தட்டையா இருக்கதப் போடச் சொல்லுதது. கூர்மூக்குத் தோட்டா ஸ்டைலா இருக்குன்னு நீ வாங்கியாந்துறாத.

ஒன்னது 1894 மாடல், ஜான் பிரவுனிங் வகுத்தது. அதுக்குப் பின்பக்கம் அடைப்பு. கம்பிய அறைப்பக்கமிருந்து விட முடியாது. மார்லின் 336-ன்னா லிவர் திருகு ஒண்ணக் கழத்தினா போல்ட்டு பின்னால உருவிக்கிட்டு வந்துரும், பொடிசா ஒரு எஜெக்டர் மட்டும் கீழ விழுந்து கட்டிலடியில ஓடும். ஒன்னது அப்படி இல்ல. நீ என்ன செய்த? வாய்ப்பக்கமிருந்து இரும்புக் கம்பிய விட்டு முன்னயும் பின்னயும் குத்துத. குண்டு கடைசியாத் தொட்டுட்டுப் போற எடம் அந்த வாய் விளிம்புதாம். அங்கன ஒரு பக்கம் தேஞ்சா குறி கோணும். அப்ப யார குத்தம் சொல்லுவ? ஆடத் தெரியாதவ கூடத்தச் சொன்ன கதைதான். லிவரத் தொறந்து, மேலாப்புல பித்தளக் குண்ட அறைக்குள்ள எறக்கு, வாய்ப்பக்கம் வந்ததும் புடிச்சு இழு. துப்பாக்கிய மல்லாக்கப் போட்டுக்கோ, அழுக்குத் தண்ணி உள்சாமானுக்குள்ள எறங்காது. கட்டாயம் கம்பிதான் விடணும்னா வாய்க்கு ஒரு பித்தளப் பூண் மாட்டிக்கிட்டு விடு. பொறவு கட்ட வெரல் நகத்த அறைப்பக்கம் வச்சு வெளிச்சத்துல காட்டி, வாய்ப்பக்கமிருந்து பாரு. நகத்துல பட்டு வெளிச்சம் உள்ள ஏறும், வரி வரியாத் தெரியும். அந்த நகத்துக்கு சார்ஜ் போட வேண்டாம்.

உள்சாமானக் கழத்தணும்னு கை துறுதுறுங்குதா? ஒன் ஸ்குரூ டிரைவர் திருகுக் காடிக்குச் சரியாப் பொருந்துதா? பொருந்தாட்டி வையி கீழ. நூறு வருசத் திருகோட தலைய அஞ்சு நிமிசத்துல சிதைச்சிருவ.

எண்ணெய்? துணியில ரெண்டு சொட்டு. எண்ணெயத் தேச்சிக்கிட்டு உருண்டாலும் ஒட்டுற மண்ணுதான் ஒட்டும்னு ஊர்ல சொல்லுவாவ. டெல்லியில நீ உருள வேண்டாம், சன்னலத் தொறந்தாப் போதும். மே மாசத்து ஆந்திக் காத்துப் புழுதி எண்ணெயோட சேந்து பசையாகி லிவர் மூட்டுக்குள்ள உக்காந்து அரைக்கும். சனவரியில மூடுபனிக்குள்ள போட்டு வச்சிட்டு, ஹீட்டர் ஓடுற ரூமுக்குள்ள கொண்டாந்தா ஒடம்பு பூரா வேர்த்துக் கெடக்கும். அதத் தொடைக்காம வெல்வெட் ஒறையில போட்டுப் பூட்டுதியே, அது ஒறையா, துரு வளக்கத் தொட்டிலா? ஒற வெளிய கொண்டுபோக மட்டுந்தாம். வீட்டுல அம்மணமாவே நிக்கட்டும், அதுக்கு என்ன வெக்கம்? வந்தவன் போனவனெல்லாம் தடவிப் பாத்தா மட்டும் கைவேர்வய ஒடனே தொட.

மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போவலாமான்னு கேட்டியாம்ல? பராத்து ஊர்வலத்துல வானத்தப் பாத்து ரெண்டு விடலாம்னு? 2019-ல ஆயுதச் சட்டத்தத் திருத்தியாச்சு. ரெண்டு வருசம் வர ஜெயில், இல்லன்னா லட்ச ரூவா வர அபராதம், இல்லன்னா ரெண்டும். அந்தக் கறைக்கு ஒங்கிட்ட எந்தப் பாட்டில் இருக்கு?

எலெக்‌ஷன் வரும்போது ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொன்னா மொணங்காமக் குடு. குடுக்க முன்னால மட்டும் எண்ணெயக் கொஞ்சம் தாராளமாப் போடு, அங்கன மூலையில எத்தன நா கெடக்குமோ. ரசீது வாங்கிக்கோ. ரசீதுல எண்ணெய் படாமப் பாத்துக்கோ, எழுத்து அழிஞ்சா துப்பாக்கி ஒன்னதுன்னு சொல்ல நான்லா சாட்சிக்கு வரணும்.