விசா வருமுன் ஏறும் வட்டி

கேள்வி: "அடுத்த வாரம் விசா வந்துவிடும்" என்று ஏஜென்ட் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வளைகுடாவில் ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?
– கொத்தனார் ஒருவர், பரமக்குடி

பதில்: அங்கும் வாரத்துக்கு ஏழு நாள்தான். வேலை விசா என்பது ஒரே அலுவலகம் ஒரே நாளில் எழுதித் தரும் தாள் அன்று என்பதால், அதைத் தன் கையில் வைத்திருப்பதுபோல் எந்த ஏஜென்டும் நாள் குறிக்க முடியாது. முதற்கட்டத்தில், வேலை தரும் நிறுவனம் தன் நாட்டுத் தொழிலாளர் துறையை அணுகி, இன்ன தொழிலுக்கு இத்தனை வெளிநாட்டவரை அழைத்துக்கொள்ளலாம் என்ற ஒதுக்கீட்டைப் பெற வேண்டும். அது கிடைத்த பின்னரே ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, சான்றிதழ்களுக்குத் தூதரகம் வரை சென்று முத்திரை பெறும் 'அட்டஸ்டேஷன்', பேச்சுவழக்கில் 'ஸ்டாம்பிங்' எனப்படும் விசாப் பதிவு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி அரேபியா, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், 'குடியகல்வு அனுமதி' எனப்படும் இந்திய அரசின் இசைவும் தேவை. கடவுச்சீட்டில் 'ஈசிஆர்' என்ற குறிப்பு இருப்பதன் பொருள் இதுதான்.

இந்தக் கட்டங்களில் மாதக்கணக்கில் காலத்தை விழுங்கக்கூடியது முதற்கட்டமே. அதுவோ கடல் கடந்து, ஏஜென்டின் கைக்கு எட்டாத இடத்தில் நடப்பது. ஆகவே "எப்போது வரும்?" என்பதைவிட, "இன்ன நிறுவனம் இத்தனை பேரைக் கேட்டிருக்கிறது என்று காட்டும் டிமாண்ட் லெட்டர் எங்கே?" என்பதே கொத்தனார் கேட்க வேண்டிய கேள்வி. பதிவு பெற்ற ஏஜென்டிடம் அந்தக் கடிதமும், ஆள் எடுக்க நிறுவனம் அவருக்கு அளித்த அதிகாரப் பத்திரமும் இருந்தாக வேண்டும். ஐந்து மாதமாகியும் இவ்விரண்டையும் காட்ட இயலாதவரிடம் விசா நிலுவையில் இருப்பதாகக் கருத இடமில்லை. நிலுவையில் இருப்பது கொடுத்த பணம் மட்டுமே.

கேள்வி: காத்திருப்பதற்குக் காசா கொடுக்கிறோம்? வரும்போது வரட்டும் என்று இருந்தால் என்ன நட்டம்?
– மளிகைக்கடைக்காரர், திருவாடானை

பதில்: காத்திருப்பதற்குத்தான் மிகுதியான காசு கொடுக்கப்படுகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வாங்கி ஏஜென்டிடம் கட்டியவருக்கு, விமானம் ஏறுவதற்கு முன்பே மாதந்தோறும் 4,500 ரூபாய் வட்டி ஏறுகிறது. ஏழாவது மாத முடிவில் அது 31,500 ரூபாயாகி, ஓர் ஆளை அனுப்பிவைக்க ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் சேவைக் கட்டணத்தையே தாண்டிவிடுகிறது. விசா வந்துவிடும் என்ற நம்பிக்கையில் உள்ளூர் வேலையை விட்டவருக்கு இழந்த கூலியையும் இதனோடு கூட்ட வேண்டும். நகையை அடகு வைத்தவருக்கும் கணக்கு இதுவேயன்றி வேறில்லை. காத்திருப்பு நீளும்போது பேரம் பேசும் வலிமையும் கரைவதால், சொன்ன சம்பளம் ஒன்று, ஒப்பந்தத்தில் உள்ள சம்பளம் வேறொன்று என்று கடைசி நாளில் தெரிந்தாலும், கடனுக்கு அஞ்சி மனிதர் கையெழுத்திட்டுவிடுகிறார். காத்திருப்பின் மிகக் கொடிய செலவு இதுவே.

கேள்வி: நியாயமாகப் பார்த்தால் மொத்தச் செலவு எவ்வளவுதான் ஆகும்? ஒருவர் எண்பதாயிரம் என்கிறார், இன்னொருவர் இரண்டு லட்சம் என்கிறார். விசாவுக்கும் தள்ளுபடிக் காலம் உண்டா?
– எலக்ட்ரீஷியன், கள்ளக்குறிச்சி

பதில்: 1983-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தந்தாக வேண்டும். ஈசிஆர் பிரிவினர் எடுக்க வேண்டிய 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்னும் காப்பீடு, விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் அளிப்பது. அதன் பிரீமியம் இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். கடவுச்சீட்டு, காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம் உண்டு; அவையும் லட்சங்களைத் தொடுவன அல்ல.

இக்கணக்கில் விசாவுக்கு விலை என்று ஓர் இனமே இல்லாததைக் கவனிக்க வேண்டும். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வெளிநாட்டுத் தொழிலாளரை வரவழைக்கும் செலவு, 'இகாமா' எனப்படும் வசிப்பிட அனுமதி, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பித்தல், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் பயணச்சீட்டு ஆகிய அனைத்தையும் முதலாளியின் தலையில் வைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வசூலிக்கக் கூடாது என்கிறது. கேட்கப்படும் தொகை சட்ட வரம்பைத் தாண்டும்போது, மிஞ்சிய பணம், முதலாளி இலவசமாகத் தர வேண்டிய விசாவை இடையிலுள்ளவர்கள் கைமாற்றி விற்ற விலையாகவே பெரும்பாலும் இருக்கிறது.

கேள்வி: 'ப்ரீ விசா' என்கிறார்கள், விலையோ ஒரு லட்சத்துக்கு மேல். இதில் ப்ரீயாக இருப்பது எது?
– கல்லூரி மாணவர், கடலூர்

பதில்: எதுவும் இல்லை. அச்சொல்லுக்கு இலவசம் என்பது பொருளன்று; குறிப்பிட்ட முதலாளியிடம் கட்டுப்படாமல் விரும்பிய இடத்தில் வேலை பார்க்கலாம் என்பதே விற்பவர் சொல்லும் பொருள். அப்பொருளிலும் அது பொய்யாகும். வளைகுடா நாடுகளில் வேலை விசா, தொழிலாளியின் இருப்புக்குப் பொறுப்பேற்கும் முதலாளியின் பெயரோடு பிணைக்கப்படுகிறது. 'கஃபாலா' எனப்படும் இம்முறையில் பொறுப்பேற்பவர் 'கஃபீல்'. அனுமதியின்றி வேறிடத்தில் வேலை செய்பவர் பிடிபட்டால், தண்டனையும் நாடுகடத்தலும் தொழிலாளியையே சேரும். விசாவை விற்றவர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். ப்ரீ விசா என்ற பெயரில் ஒரு விசா எந்த வளைகுடா நாட்டின் சட்டத்திலும் இல்லை.

கேள்வி: அமெரிக்கா போகும் மென்பொருள் பொறியாளரும் இப்படித்தான் கடன் வாங்குகிறாரா?
– தையல் தொழிலாளி, ஆம்பூர்

பதில்: இல்லை, இந்த வேறுபாடு நெஞ்சைச் சுடுவது. எச்-1பி எனப்படும் அமெரிக்க வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000 இடங்களும் உள்ளன. மார்ச் மாதத்தில் பதிவு, தேர்வு பெற்றோருக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்து வேலை என்று காலம் வரையறுக்கப்பட்டிருப்பதால், காத்திருப்பவர் குறைந்தபட்சம் நாட்காட்டியைப் பார்த்துக் காத்திருக்கிறார். பதிவுக் கட்டணமான 215 டாலரும் மனுவுக்கான பெருந்தொகைகளும் நிறுவனத்தின் பொறுப்பு. பொறியாளர் தாமே செலுத்துவது பெரும்பாலும் 205 டாலர் விசா விண்ணப்பக் கட்டணமே. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஆணை புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை விதித்தபோதும், கட்ட வேண்டியவராக அது குறித்தது நிறுவனத்தையே. மிகுதியாகச் சம்பாதிப்பவரின் விசாவுக்கு முதலாளி செலவழிக்க, குறைவாகச் சம்பாதிப்பவர் தம் விசாவைத் தாமே விலைக்கு வாங்கும் இந்த ஏற்பாடு அநீதியானது. தொழிலாளரிடம் தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் கட்டணம் பெறலாகாது என்பது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் நிறைவேற்றிய 181-ஆம் உடன்படிக்கையின் அடிப்படை விதி. அதை ஏற்காமலே இருந்துவரும் இந்தியா, 30,000 ரூபாய் என்ற வரம்பையும் நீக்கிச் சுழியமாக்குவதே முறை.

கேள்வி: மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால், கட்டிய பணம் 'ஃபிட்'டாகத் திரும்புமா?
– ஓட்டுநர், அறந்தாங்கி

பதில்: பரிசோதனைக் கட்டணம் திரும்பாது, ஏஜென்டிடம் முன்பணமாகக் கட்டியது திரும்புவதும் ரசீது இருந்தாலன்றிக் கடினம். 'வாஃபித்' என்னும் இணைய ஏற்பாட்டின் வழியே, அங்கீகாரம் பெற்ற மையங்களில் நடக்கும் இப்பரிசோதனையில் காசநோய், கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. முதலியவை பார்க்கப்படுகின்றன, என்றோ ஆறிப்போன காசநோயின் வடு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் தகுதி மறுக்கப்படலாம். சான்று குறுகிய காலத்துக்கே செல்லும் என்பதால், விசா தாமதமானால் மறுபடியும் பணம் கட்டிப் பரிசோதிக்க நேரும். எனவே கடன் வாங்குவதற்கு முன், சொந்த ஊர் அரசு மருத்துவமனையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சொந்த மாமாவே ஏஜென்ட். அவரிடம் போய் ரசீது கேட்டால் உறவு முறிந்துவிடாதா?
– இல்லத்தரசி, முத்துப்பேட்டை

பதில்: ரசீது கேட்டு முறிந்த உறவைக் காட்டிலும், ரசீது இல்லாமல் முறிந்த உறவுகளே கிராமங்களில் மிகுதி. மேலும் பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளூரில் பணம் திரட்டித் தரும் 'சப்-ஏஜென்ட்' என்ற நிலையைச் சட்டம் ஏற்பதில்லை. தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறையும் 2,000 ரூபாய்வரை அபராதமும் ஆகும். லட்சக்கணக்கில் புரளும் தொழிலுக்கு இந்த அபராதம் எள்ளளவும் போதாது. ஆனால் அச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத நல்ல கூறு ஒன்று உண்டு. வழக்குத் தொடர மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும் என்று பொதுவாகக் கூறும் பிரிவு, பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோரோ புகார் அளித்தால் அவ்வனுமதி தேவையில்லை என்று விலக்கும் அளிக்கிறது. மகனுக்காகத் தாயே வழக்காடலாம்.

கேள்வி: விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொண்டால் காத்திருப்பு மிச்சம்தானே?
– வெல்டர், அரியலூர்

பதில்: காத்திருப்போடு பாதுகாப்பும் மிச்சமின்றிப் போய்விடும். குடியகல்வு அனுமதியைச் சுற்றிக்கொண்டு செல்வதால், ஒப்பந்தம் அரசின் பதிவேட்டில் ஏறாது, காப்பீடும் இராது. சம்பளம் வராமல் தூதரகத்தின் படியேறும்போது, இன்ன முதலாளி, இன்ன சம்பளம் என்று காட்ட ஒரு தாளும் கையில் இல்லாத நிலை ஏற்படும்.

கேள்வி: நம்பிப் போக ஒரு வாசல் உண்டா?
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: உண்டு. தமிழ்நாடு அரசின் 'அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்' 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது; வளைகுடா உள்ளிட்ட ஈசிஆர் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணி, 2015 முதல் இத்தகைய அரசு நிறுவனங்களின் வழியாகவே நடைபெற வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டுள்ளது. தனியார் ஏஜென்டை நாடுவோர், அவருடைய பதிவு எண்ணை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். பணம் கட்டிய பிறகு அன்று, கட்டுவதற்கு முன்பே இந்த எண்ணை அழைக்குமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.