வேலிக்கு மேலால் வரும் கண்

கேள்வி: நிலாவெளிக் கரையில் கரைவலை இழுக்கும்போது தலைக்கு மேலே ட்ரோன் சுற்றுகிறது. பொலிசார் நினைத்தபடி பறக்கவிடலாமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: கல்யாணக் கமராக்காரரும் பறக்கவிடுகிறார், யாருடையது என்று முதலில் அறியுங்கள். ட்ரோன் விதிகளை வகுப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் அது ட்ரோன்களைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. மறு ஆண்டே, கொரோனா ஊரடங்கை மீறியவர்களை விமானப்படை ட்ரோன்களின் உதவியோடு பொலிசார் பிடித்தார்கள்.

பறப்பு விதிகளின் முதற்கவலை, ட்ரோன் நம் தலையில் விழக்கூடாது என்பது. நம் கவலையோ, நம் படம் யார் கையில் விழும் என்பது! எதற்காகப் படம் பிடித்தார்கள், யார் பார்க்கலாம், எப்போது அழிப்பார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். படலையால் வருபவர் அனுமதி கேட்க வேண்டுமென்றால், வானத்தால் வருபவரும் கேட்கத்தான் வேண்டும்.

குற்றவாளியைத் தேடவும், கடலில் தத்தளிப்பவரைக் காக்கவும் ட்ரோன் தாராளமாகப் பறக்கட்டும். ஆனால் கணக்கு இருக்கட்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இந்த மூன்று கேள்விகளையும் பொலிஸ் திணைக்களத்திடமே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இன்றே எழுதிப் போடுங்கள்.